எழுந்து நடக்க ஒரு கையெழுத்து

பிப்ரவரி 9

வணக்கம்.

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கினால் இரண்டுமே பொய்யாகிவிடும். உங்களைப் பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "என்னங்க" என்று எழுதினால் உங்கள் வக்கீல் சிரிப்பார். ஆகவே வெறும் வணக்கம். போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று வக்கீல்கள் சொன்னது விவாகரத்துக்காக. நான் எழுதுவது மாமாவுக்காக.

மாமா நேற்று முதியோர் இல்லத்தில் விழுந்துவிட்டார். பயப்படாதீர்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. தாழ்வாரக் கோடியில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார். தையல் போட்டிருக்கிறார்கள். முகத்தின் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிக் கிடக்கிறது. வேலை முடிந்ததும் ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி மாமா விழுந்தீங்க?"

"யாரு விழுந்தா?"

"நீங்கதான்."

"நல்லாயிருக்கே! நான் விழுந்திருந்தா இப்படி உக்காந்து உங்கூடப் பேசிட்டிருப்பனா? எலும்புகூடத் தேறியிருக்காது."

ஆறாவது மாடிச் சாரத்திலிருந்து விழுவதைத்தான் அவர் விழுவதென்று சொல்கிறார். வாழ்நாள் முழுக்கச் சாரம் கட்டியவருக்குத் தரையில் விழுவதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

மேனேஜரம்மாவுக்கு அது பெரிய கணக்கு. "இவரு நடக்கிற ஆளு. எங்களுக்கு இவராலதான் தலைவலி" என்றார். எழவே முடியாமல் கிடப்பவர்களைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர்கள் நல்ல பிள்ளைகள். இனி மாமாவை நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார வைக்கப் போகிறார்களாம். நான் கூடாதென்றேன். "மகன் சரின்னா போதும். நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் இப்போது மாமாவுக்கு யார் என்று அவருக்கு விளங்கவில்லை.

உங்களிடம் சம்மதம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
காகிதத்தில் இன்னும் உங்கள் மனைவி


பிப்ரவரி 11

உனக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சம்மதம் கொடுத்துவிட்டேன். அப்பாவின் நெற்றிப் படத்தை அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

என் பிழைப்பு என்னவென்று உனக்குத் தெரியும். வெளியூரில், கட்டட வேலை நடக்கும் இடத்தில் பாதுகாப்பு மேற்பார்வை. பொழுது விடிந்தால் "ஹெல்மெட் எங்கடா, பெல்ட்ட மாட்டுடா" என்று தொண்டை கட்டக் கத்துகிறேன். இங்கே என்னைப் பின்னால் "பெல்ட்டு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். அப்பாவுக்கு அந்தக் காலத்தில் இடுப்பில் ஒரு துண்டைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், அவருடைய கூட்டாளி மேலேயிருந்து விழுந்தார். சத்தம் கேட்டு, மண்மூட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அப்பா வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும் வரை எனக்குப் பாடம் ஏறியதில்லை.

பெல்ட் மாட்டியவன் விழுந்து செத்ததை நான் இதுவரை பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. அப்பா வெளிக்கதவைத் திறந்து ரோட்டுக்குப் போய்விடுகிறார் என்று போன மாதம் சொன்னார்கள் இல்லையா? மறதி நோய் உள்ளவர்களுக்குத் தரையில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் பள்ளம்போலத் தெரியும், பயந்து திரும்பிவிடுவார்கள் என்று படித்தேன். கதவுக்கு முன்னால் கறுப்பு விரிப்பு போடச் சொன்னது நான்தான். அதற்குப் பிறகு ஒருவரும் கதவுப் பக்கமே வருவதில்லை என்று மேனேஜரம்மா பாராட்டினார்.

இந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் திரும்ப எழுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ நல்ல மனதோடுதான் சொல்கிறாய். ஆனால் அவர் என் அப்பா.

அவர் மகன்


பிப்ரவரி 24

வணக்கம்.

அவர் உங்கள் அப்பா. சரி. உங்கள் அப்பா இப்போது எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேளுங்கள்.

பெல்ட்டின் பூட்டு முதுகுப் பக்கம் இருக்கிறது. மாமாவின் விரல்கள் நாள் முழுக்க வயிற்றைத் தடவி முடிச்சைத் தேடுகின்றன. "முடிச்சு எங்கம்மா?" என்று கேட்டார். பின்னாடி இருக்கிறது என்றேன். "எந்த முட்டாப்பய பின்னாடி போட்டான்? அவசரம்னா எப்படி அவுப்பான்?" என்று சத்தம் போட்டார். அவசரம் என்று அவர் சொன்னது எதையென்று அவர் உட்கார்ந்திருந்த மெத்தையே சொல்லியது. ஈரம். எத்தனை நேரமாகவோ ஈரம். மாற்றிவிட்டேன். மாற்றும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறதி நோய் வெட்கத்தை மறக்கடிப்பதில்லை.

மாமா இருக்கும் பகுதிக்கு முன்பு இரண்டு பணிப்பெண்கள். ஒருவரைப் புதிதாகத் திறந்த மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அறைகள் பெரிது, வருகிறவர்களும் பெரிய இடம். மிச்சம் இருப்பது நெட்டையக்கா ஒருத்திதான். அவளைக் கேட்டேன். "நான் என்ன செய்ய? ஒருத்தரக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கேன், அங்க ஒருத்தர் எந்திரிக்கிறாரு. எனக்கென்ன முதுகுல கை மொளைச்சிருக்கா?" என்றாள். குறைத்த ஆளுக்குப் பதிலாக வந்ததுதான் இந்த பெல்ட். அதற்குச் சம்பளம் கிடையாது, லீவு கேட்காது. எங்கள் தையல் ஆலையிலும் இதே கதைதான். மிஷினை விட்டு எழுந்தாலே குற்றம். கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கை தூக்க வேண்டும். எங்களைக் கட்டிப்போடுவது மட்டும்தான் இன்னும் பாக்கி.

உங்கள் வேலையில் பெல்ட் மாட்டுவது ஆள் மேலே ஏறி வேலை பார்க்க. இங்கே மாட்டுவது ஆள் எழுந்திருக்காமல் இருக்க. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஞாயிறு மதியம் நெட்டையக்காவைக் கெஞ்சி பெல்ட்டைக் கழற்றி மாமாவை நடக்க அழைத்துப்போனேன். தாழ்வாரத்தில் எங்களுக்கு முன்னால் டீச்சரம்மா போய்க்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, இன்னும் எல்லாரையும் அதட்டுவார். உங்கள் கறுப்பு விரிப்பு வந்ததும் சட்டென்று நின்றார். "தோண்டினவன் மூட வேண்டாமா? பிள்ளைங்க வர்ற வழி!" என்று திட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். நீங்கள் படித்தது சரிதான்.

மாமா திரும்பவில்லை. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றினார். முழங்காலை வயிறுவரை தூக்கி, காலை அகல நீட்டி அந்தப் பக்கம் வைத்தார். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் பாய்ந்து இடுப்பைப் பிடித்தேன். "இடுப்பப் பிடிச்சா ரெண்டு பேரும் போவோம், விடு!" என்று அதட்டினார். இன்னொரு காலையும் இழுத்து வைத்துக்கொண்டு, திரும்பி என் பக்கம் கையை நீட்டினார். "கையக் குடு. கீழ பாக்காத. நான் இருக்கேன், வா."

நானும் காலைத் தூக்கி, இல்லாத பள்ளத்தைத் தாண்டினேன். வேறென்ன செய்வது?

பள்ளத்தைக் கண்டால் ஊர் திரும்பும். சாரம் கட்டியவர் திரும்புவாரா? தாண்டத்தான் செய்வார். அன்றைக்கும் தாண்டத்தான் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிடிக்க ஆளில்லை. அவர் விழுந்த இடம் வெளிக்கதவுக்குப் பக்கத்தில் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன், நினைவிருக்கிறதா? அந்தப் பள்ளத்தை வெட்டியது நீங்கள்.

இவ்வளவுதான்.

நான்


பிப்ரவரி 27

உனக்கு,

சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்துவிட்டேன்.

விரிப்பை எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்துவிட்டார்கள். நீயும் ஒருமுறை பார்த்துவிடு.

பள்ளத்தைக் கண்டால் அப்பா என்ன செய்வார் என்று யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்லியிருப்பேன். மறதி நோயாளி என்ன செய்வார் என்றுதான் நான் படித்தேன். இரண்டும் ஒரே ஆள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆனாலும் பெல்ட் இருக்கட்டும். கொஞ்ச நாளாவது. நீ ஈரத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டும் இதை எழுதுகிறேன் என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று பார்த்துக்கொள். அந்த ஊர் எண்ணிலிருந்து போன் வந்தாலே எனக்கு மண்மூட்டைச் சத்தம் கேட்கிறது.

அடுத்த மாதம் கோர்ட் தேதி வந்துவிடும். அதற்குப் பிறகு நீ அங்கே போக வேண்டியதில்லை. உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நானும்தான். இப்போதுமே ஏன் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. சண்டைக்காகக் கேட்கவில்லை.

அவர் மகன்


மார்ச் 4

வணக்கம்.

கேட்டதால் சொல்கிறேன். கடமை என்றால் முதல் மாதத்திலேயே நின்றிருப்பேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அது உங்களுக்கே தெரியும்.

நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நீங்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். என் தையல் மிஷினை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கியது மாமா. போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வண்டியின் பின்னால் மிஷினை வைத்துக் கயிறு கட்டினார். இழுத்து இழுத்துப் பார்த்தார். "இது அவுறாது. எம்மவனப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது. கயிறுன்னா சொல்லுவேன்" என்றார். என் புது அறைக்கு வந்து அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தேன். அழுதுகொண்டு வந்தவள் அப்போதுதான் சிரித்தேன்.

இப்போது என்னை அவருக்குத் தெரியாது. ஒருநாள் நான் மேஸ்திரி. ஒருநாள் சிமெண்ட் கடைக்காரர் மகள். நேற்று, "உன் மாமியாரு எப்படிம்மா, நல்லவளா?" என்று கேட்டார். அவர் மனைவியைப் பற்றி அவரிடமே என்ன சொல்வது? "தங்கம்" என்றேன். "அப்ப பொழச்சுக்குவ" என்றார். நான் போனால் கட்டிலில் நகர்ந்து இடம் விடுகிறார். யாரென்று தெரியாமலே விடுகிறார். அதற்காகப் போகிறேன்.

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். பெல்ட் போட்டும் போன வாரம் நாற்காலியோடு சாய்ந்தார். உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அடி இல்லையாம், அதனால் விழவில்லையாம். கால்கள் குச்சியாகிவிட்டன. உடற்பயிற்சி சொல்லித்தர வரும் அம்மா என்னிடம், "உக்கார வச்சே வச்சிருந்தா நிக்கிற தெம்பே போயிடும். அப்புறம் நின்னாலே விழுவாரு" என்று ரகசியமாகச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்ததை அந்த இல்லத்தில் ரகசியமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேனேஜரம்மாவிடம் போய் நின்றேன்.

"பெல்ட்ட எடுத்தா விழுவாரு" என்றார்.

"விழலாம்" என்றேன்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப மகன எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. விழுந்தா எங்க மேல பழி இல்லன்னு."

அப்படி எழுதாதீர்கள். அது அவர்களுக்கு இன்னொரு பெல்ட்டைவிட வசதி. இப்படி எழுதுங்கள்: அப்பா நடப்பார். நடந்தால் ஒருநாள் விழக்கூடும், அது எங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறோம். ஆனால் கட்டிலைத் தாழ்வாக வைக்க வேண்டும். தாழ்வாரத்தில் கைப்பிடி வேண்டும். அவர் கேட்பதற்கு முன்பே கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். மாடிக்கு அனுப்பிய பணிப்பெண் திரும்பி வர வேண்டும். விழுவதை ஏற்றுக்கொள்கிறோம், பக்கத்தில் ஆளே இல்லாமல் விழுவதை ஏற்க மாட்டோம்.

அவர் விழமாட்டார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது உங்களுக்குப் பயமான அதே காரியத்தைத்தான்.

நான்


மார்ச் 21

உனக்கு,

நேற்று வீடியோவில் நடந்த கோர்ட்டில் உன்னைத் திரையில் பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கிறாய். எப்போதிருந்து? நீதிபதி கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்றோம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாம் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. நீயும் குனிந்துகொண்டாய். சிரித்தாயா, வேறா என்று தெரியவில்லை.

அதே மேஜையில் இன்னொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். நீ சொன்ன வார்த்தைகளிலேயே இல்லத்துக்கு எழுதிவிட்டேன். ஒரு வரி மட்டும் என்னுடையது: அப்பாவைப் பற்றி இனி எதுவானாலும் உன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மேனேஜரம்மா போன் செய்தார். "கோர்ட்டுல முடிஞ்சிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். அவங்க இப்ப உங்களுக்கு யாரு சார்?"

"எனக்கு யாருமில்ல. எங்கப்பாவுக்கு மருமக" என்றேன்.

அவர் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த உறவ எப்படி சார் எழுதுறது?" என்றார். அப்படியே எழுதுங்கள் என்றேன்.

தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் மட்டும்தான் தெரிகிறது. உனக்கு அவர் தெரிகிறார். எனக்குத் தூக்கம் வராது, அது என் பாடு. நடக்கட்டும்.

அவர் மகன்


மே 30

வணக்கம்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு மாதம் மாமா நன்றாக இருந்தார். உங்கள் கடிதத்தைக் காட்டி இன்னும் சில குடும்பங்களை எழுத வைத்தேன். பணிப்பெண் திரும்பி வந்தாள். கைப்பிடி பாதித் தாழ்வாரத்துக்குத்தான் போட்டார்கள், மீதிக்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். கால்களில் சதை வந்தது. டீச்சரம்மாவோடு தினமும் வாக்குவாதம். "வரிசையில நில்லுங்க" என்பார் அவர். "ஏம்மா, நான் ஒருத்தன்தானே இருக்கேன்" என்பார் மாமா. பின்பு இருவரும் சேர்ந்தே நடப்பார்கள். துணி மாற்றவேண்டி வந்த நாட்கள் மிகக் குறைவு.

நேற்று சாயங்காலம் கூடத்தில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

ஆமாம், நீங்கள் பயந்த அதேதான். நாளைக் காலை ஆபரேஷன். டாக்டர் என்னைத்தான் கேட்டார், செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு வலி மருந்து கொடுத்திருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார்.

மேனேஜரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். "அப்பவே சொன்னோம்ல?" என்றார். சொன்னார்தான். அவர் போன பிறகு கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயம். கேட்டு வாங்கியவள் நான். ஆனால் பொய் சொல்லத் தெரியாது: அந்த இரண்டு மாதத்தைத் திருப்பிக் கொடு, பெல்ட்டிலேயே வைத்திருந்திருக்கலாம் என்று யாராவது சொன்னால், கொடுக்க மாட்டேன்.

திட்டுவதானால் எழுதுங்கள். போன் வேண்டாம், ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது.

நான்


ஜூன் 1

உனக்கு,

வியாழக்கிழமை அங்கே இருப்பேன். லீவு சொல்லிவிட்டேன்.

எங்கள் வேலையிடத்தில் யாராவது விழுந்தால் அறிக்கை எழுதுவது நான். முதல் கேள்வி, யார் பொறுப்பு. இரண்டாவது, விதி மீறப்பட்டதா. வருஷக்கணக்காக எழுதி எழுதி, யார் விழுந்தாலும் எனக்கு அந்த இரண்டு கேள்விதான் வாயில் வரும். உன் கடிதத்தைப் படித்ததும் அவைதான் வந்தன. உன்னிடம் அவற்றைக் கேட்க எனக்கு உரிமையில்லை. நானும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் ஒன்று. அப்பா எங்கே போய்க்கொண்டிருந்தார்? எழுந்தவர் எதற்கோ எழுந்திருப்பார் அல்லவா? தெரிந்தால் எழுது.

அவர் மகன்


ஜூன் 2

வணக்கம்.

ஆபரேஷன் முடிந்தது. வலி மருந்தின் மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. எப்படித் தேறுவார் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. சாப்பிட எதுவும் இறங்கவில்லை, தண்ணீர் மட்டும் ஸ்பூனில் கொடுத்தேன். நீங்கள் வருவதைச் சொன்னேன். "எந்த வண்டிக்கு?" என்று கேட்டார். நேரே ஆஸ்பத்திரிக்கே வாருங்கள், பெட்டியை என் அறையில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டதை நான் அதுவரை யாரிடமும் கேட்கவில்லை. எப்படி விழுந்தார், யார் பக்கத்தில் இருந்தது என்றுதான் எல்லாரையும் குடைந்துகொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு நெட்டையக்காவிடம் கேட்டேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. கூடத்து ஜன்னல் கதவு காற்றில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்ததாம். சாரல் முழுக்க டீச்சரம்மா மேல். அவர் நனைந்துகொண்டு சத்தம் போட்டார். நெட்டையக்கா அவருடைய நாற்காலியை இழுக்கப் போனாள். மாமா, "இரும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

ஜன்னலைச் சாத்தி, கொக்கியையும் மாட்டிவிட்டுத்தான் விழுந்தார்.

மருமகள்